பழைய நீராவி எஞ்சினை மறுபடி ஓட வைப்பது: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊட்டி மலை ரயிலில் ஒருமுறையாவது போனவர்களுக்கு நீராவி எஞ்சின் மேல் வரும் பிரியத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த எஞ்சின்களைப் பார்த்துக்கொள்வது ரயில்வேயின் சொந்தத் தொழிலாளர்கள். நமக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விட முடியாது. பிரிட்டனில் நிலைமை வேறு. 1951இல் வேல்ஸில் டாலிலின் என்ற சின்ன ரயில்பாதை மூடப்படும் நிலைக்கு வந்தபோது, ஆர்வலர்கள் கூடிச் சங்கம் அமைத்துத் தாங்களே ரயிலை ஓட்டத் தொடங்கினார்கள். உலகில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. இன்று அந்த நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரயில்பாதைகள் இருக்கின்றன. அவற்றின் ஷெட்டுகளில் வார இறுதியில் எண்ணெய்க் கறையோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள்.

அங்கே வசிக்கும், அல்லது படிக்கப் போயிருக்கும் தமிழர்களில் யாருக்காவது இந்த வேலையில் இறங்க விருப்பம் இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொழிற்கல்விப் பட்டம் தேவையில்லை. பொறுமை வேண்டும். அளந்ததை உடனே எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதால் பெரிய பயன் இல்லை.

முதலில் ஒரு எஞ்சினின் கதை

1952 அக்டோபரில் லண்டனுக்கு அருகே ஹாரோ நிலையத்தில் மூன்று ரயில்கள் மோதி 112 பேர் இறந்தார்கள். அதில் நொறுங்கிப்போன 46202 என்ற எஞ்சினுக்கு மாற்றாக, பிரிட்டிஷ் ரயில்வேயின் எஞ்சின் வடிவமைப்பாளர் ராபர்ட் ரிடில்ஸ் தலைமையிலான குழு ஒரு புது எஞ்சினை வடிவமைத்தது. 1954இல் குரூ பணிமனையிலிருந்து வெளிவந்த அதன் பெயர் டியூக் ஆஃப் குளோஸ்டர், எண் 71000. மூன்று சிலிண்டர், அவற்றுக்குள் ஆவியை விடவும் வெளியேற்றவும் கப்ரோட்டி என்ற வால்வு அமைப்பு, அன்றைய பிரிட்டனின் மிக நவீனமான பயணி எஞ்சின். அந்த வகையில் கட்டப்பட்டது அது ஒன்றுதான்.

ஓட்டியவர்களுக்கு அதைப் பிடிக்கவில்லை. கரியைத் தின்கிறது, ஆவி பிடிப்பதில்லை என்று பெயர் வாங்கியது. எட்டே வருடத்தில், 1962இல், ஓரங்கட்டிவிட்டார்கள். ஒரு பக்கத்து சிலிண்டரை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்காகக் கழற்றினார்கள். மறுபக்கத்து சிலிண்டரும் போனது. மிச்ச உடம்பு வேல்ஸில் பாரி ஊரிலிருந்த பழைய இரும்புக் களத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

1974இல் ஆர்வலர்கள் சிலர் பணம் சேர்த்து அதை வாங்கினார்கள். சிலிண்டர் இல்லாத எஞ்சினை வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்று சொன்னவர்கள் அன்று நிறைய. லஃப்பரோவில் பன்னிரண்டு வருடம் உழைத்து 1986இல் அதை ஆவியில் ஓட வைத்தார்கள். அந்த உழைப்பின்போதுதான் ஓர் உண்மை வெளியே வந்தது. சாம்பல் தட்டில் காற்று நுழையும் கதவுகள் வரைபடத்தில் இருந்த அளவைவிடச் சிறியதாகக் கட்டப்பட்டிருந்தன. தீக்குப் போதிய காற்றே கிடைக்கவில்லை. வடிவமைப்பின் குறை என்று எல்லோரும் நம்பியதில் ஒரு பெரும் பங்கு, பட்டறையில் நேர்ந்த அளவுப் பிழை. அதைத் திருத்தி, புகைபோக்கியின் உள்ளமைப்பையும் மாற்றிய பிறகு, 1990இல் பிரதான பாதைக்குத் திரும்பிய டியூக், செங்குத்தான ஏற்றங்களில் பெரிய ரயிலை இழுத்துக்கொண்டு போய் எல்லோர் வாயையும் அடைத்தது.

இந்தக் கதையை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிதாக வருபவர்களுக்கு, அதிலும் எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு, வந்தவுடன் எதையாவது மேம்படுத்த வேண்டும் என்று கை துறுதுறுக்கும். இருப்பது வரைபடப்படி இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் எதையும் மேம்படுத்த வேண்டாம். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு விஷயம்தான்.

படி 1: சேருங்கள், துடையுங்கள்

வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பாரம்பரிய ரயில்பாதையின் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். லோகோ ஷெட்டில் வேலை செய்ய விருப்பம் என்று எழுதுங்கள். முதல் நாள் பாதுகாப்பு விதிகள் சொல்லித் தருவார்கள். அதில் கையெழுத்து வாங்குவார்கள். இரும்பு முனை வைத்த பூட்ஸ், பருத்தி ஓவரால் இரண்டும் உங்கள் செலவு. நைலான், பாலியெஸ்டர் துணி வேண்டாம். தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

முதல் சில மாதங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பழந்துணியும் பாரஃபின் என்று அங்கே சொல்லும் மண்ணெண்ணெயும்தான். இதை மட்டமான வேலை என்று நினைக்காதீர்கள். கிரீஸும் கரியும் அப்பிய இரும்பில் விரிசல் தெரியாது. துடைத்த இரும்பில் தெரியும். இணைப்புத் தண்டில் மயிரிழை விரிசலை முதலில் பார்ப்பவர் பல நேரம் துடைக்கும் ஆள்தான். துடைத்துக்கொண்டே பெயர்களைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். இது என்ன, எதற்கு, கழன்றால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று கேள்வி. ஷெட்டில் இருக்கும் மூத்தவர்கள் கேட்பவர்களிடம்தான் பேசுவார்கள்.

படி 2: எந்த எஞ்சின் என்று முடிவெடுக்கும்போது

புதியவர் தனியாக எஞ்சின் வாங்கக் கூடாது. ஆனால் உங்கள் குழு ஒன்றை எடுக்கலாமா என்று யோசிக்கும்போது அந்தப் பேச்சில் நீங்களும் இருப்பீர்கள். அப்போது கேட்க வேண்டியவை இவை. பாய்லர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, அந்தத் தாள் எங்கே? என்ன பாகங்கள் இல்லை? செம்பும் பித்தளையும் முதலில் திருடு போகும். வால்வு, பாய்லருக்குள் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டர், குழாய் எதுவும் இல்லாத எஞ்சின்கள் ஏராளம். அதை எங்கே நிறுத்துவீர்கள்? கூரை இல்லாமல் வெளியே நிறுத்திய எஞ்சினில், நீங்கள் ஒரு பக்கம் சரிசெய்வதற்குள் மறுபக்கம் துருப்பிடித்துவிடும். கடைசியாக, எழுத்தில் உரிமையாளர் யார்?

பாரி களத்தின் உரிமையாளர் டாய் வுட்ஹாம் சரக்குப் பெட்டிகளை முதலில் உடைத்துக்கொண்டிருந்ததால் எஞ்சின்கள் வருடக்கணக்கில் கடற்காற்றில் நின்றன. அங்கிருந்து 213 எஞ்சின்கள் மீட்கப்பட்டன. அவற்றில் சில இன்னும் ஓடவில்லை. பணத்துக்கும் ஆட்களுக்கும் அடுத்தபடியாக அதற்குப் பெரிய காரணம், கழற்றியதை எழுதி வைக்காமல் போனது.

படி 3: காகித வேலை

பழைய வரைபடங்களைத் தேடுங்கள். யார்க் நகரில் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் பணிமனைகளின் வரைபடங்கள் பெருமளவில் இருக்கின்றன. பிரதி வாங்கலாம். கிடைத்த வரைபடத்தில் தேதியையும் திருத்தக் குறிப்புகளையும் முதலில் படியுங்கள். ஒரே பாகத்துக்கு மூன்று திருத்தம் நடந்திருக்கும். உங்கள் எஞ்சினில் இருப்பது எது என்று தெரியாமல் வேலை தொடங்கினால் புதுப் பாகம் பொருந்தாது.

பிறகு ஒரு தடிமனான நோட்டு. இடப்பக்கம் வரைபடம் சொல்லும் அளவு, வலப்பக்கம் நீங்கள் அளந்தது, அதற்குப் பக்கத்தில் அளந்தவர் பெயரும் தேதியும். கணினியில் வைப்பதென்றால் வையுங்கள். ஆனால் ஷெட்டில் கிரீஸ் கையோடு எழுத நோட்டுதான் தோது. வேறுபாடு தெரிந்தால் அது தேய்மானமா, பிற்காலத்தில் யாராவது மாற்றியதா, முதலிலேயே தவறாகக் கட்டியதா என்று யோசியுங்கள். டியூக்கின் சாம்பல் தட்டு மூன்றாவது வகை. அந்தக் கேள்வியை அதன் பணிக்காலத்தில் யாரும் அதனிடம் கேட்கவில்லை.

படி 4: கழற்றுதல்

எதையும் தொடுவதற்கு முன்னால் ஆஸ்பெஸ்டாஸ். பழைய பாய்லர்களைச் சுற்றி வெப்பம் காக்க அதைத்தான் பூசியிருப்பார்கள். தகட்டு உறையைக் கழற்றி எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மாதிரி எடுத்துச் சோதிப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. இருந்தால் அகற்றுவது உரிமம் பெற்ற ஆட்களின் வேலை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் உங்கள் நுரையீரல் உங்களுடையது. அதேபோல் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். உலர்வாகத் தேய்க்கவோ, கேஸ் விளக்கால் சுடவோ கூடாது.

அதற்கப்புறம் கழற்றலாம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம், கழற்றும்போது ஒரு படம், கழற்றிய இடத்தை ஒரு படம். பித்தளை அல்லது அலுமினிய வில்லையில் எண் அடித்துக் கம்பியால் கட்டுங்கள். அட்டைச் சீட்டு எண்ணெயில் ஊறி அழிந்துவிடும். இடது வலது பாகங்களைக் கலக்காதீர்கள். எழுபது வருடம் ஒன்றோடொன்று தேய்ந்த இரண்டு பரப்புகள் ஜோடியாகவே இருக்க வேண்டும்.

படி 5: பாய்லர்

இங்கேதான் நேரம், பணம், கவலை மூன்றிலும் பெரும்பங்கு போகும். டியூக்கின் பாய்லர் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்வது. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகியும் தண்ணீராகவே அடங்கியிருக்கிறது. தகடு எங்காவது விட்டுக்கொடுத்தால் அந்தத் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாக விரியும்.

1995 ஜூனில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கெட்டிஸ்பர்க் ரயில்பாதையின் 1278 என்ற எஞ்சினில் இது நடந்தது. தண்ணீர் மட்டம், தீயறையான ஃபயர்பாக்ஸின் மேல்தகட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. நீர்மட்டக் கண்ணாடிக்குப் போகும் வழியில் உப்புப் படிவு அடைத்திருந்ததால் அது சரியான மட்டத்தைக் காட்டவில்லை. காய்ந்த தகடு சிவந்து, மெலிந்து, கிழிந்தது. எஞ்சினில் இருந்த மூன்று பேருக்கும் கடுமையான தீக்காயம். அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்கா நீராவி எஞ்சின் விதிகளையே திருத்தி எழுதியது. பெரிய பாகம் எதுவும் உடைந்து அந்த விபத்து நடக்கவில்லை. ஒரு சின்னத் துவாரத்தைச் சுத்தம் செய்யாததில் தொடங்கியது. அதனால்தான் புதியவர்களிடம் நீர்மட்டக் கண்ணாடி வேலையைக் கொடுக்கும்போது மூத்தவர் பக்கத்திலேயே நிற்பார். அவர் உங்களை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிரிட்டனில் 2000ஆம் ஆண்டின் அழுத்தக் கலன் பாதுகாப்பு விதிகள் பாரம்பரிய எஞ்சின்களுக்கும் பொருந்தும். தகுதி பெற்ற ஆய்வாளர் ஒப்புக்கொண்ட எழுத்துவடிவச் சோதனைத் திட்டம் ஒன்று இருந்தாக வேண்டும். வேலை முடிந்ததும் ஆய்வாளரைக் கூப்பிடலாம் என்று நினைப்பவர்கள் செய்த வேலையை மறுபடி செய்வார்கள். பாய்லர் எஞ்சினிலிருந்து இறங்கிய அன்றே கூப்பிடுங்கள். எந்தத் தகட்டை வெட்டப்போகிறோம், எப்படி வெல்டிங் செய்யப்போகிறோம், செய்யப்போகிறவரின் சான்றிதழ் எது என்று முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள்.

சரி, வேலை எப்படிப் போகும்? முதலில், பாய்லர் தண்ணீருக்கு நடுவே சூடான புகையைக் கொண்டுபோகும் டியூப்களை எல்லாம் வெட்டி வெளியே எடுப்பார்கள். உள்ளே படிந்த உப்பைச் சுரண்டி எடுத்துத் தகட்டை வெளுக்கும்வரை சுத்தம் செய்ய வேண்டும். ஊசித் துப்பாக்கி என்ற காற்றுக் கருவியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கும் இந்த வேலைதான் புதியவர்களுக்கு வரும். காதுக்கவசம் கட்டாயம். பிறகு சுண்ணக்கட்டியால் தகட்டின் மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மீயொலிக் கருவியால் கனம் அளப்பார்கள். நோட்டு எழுதுவது உங்கள் பங்கு. தகடு மெலிந்திருப்பது எங்கே என்று தெரிந்தால் கண் தானாக அங்கே போகும்: ஃபயர்பாக்ஸின் அடியில் இரு தகடுகளையும் இணைக்கும் வளையத்துக்குச் சற்று மேலே, கழுவும் துளைகளைச் சுற்றி, முன்பக்க டியூப் தகட்டின் கீழ்ப்பகுதி, தகடு வளையும் இடங்கள். வண்டல் தேங்கும் இடமும், சூடாகி ஆறி அசையும் இடமும்தான் முதலில் போகும்.

அடுத்தது ஸ்டே கம்பிகள். ஃபயர்பாக்ஸின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் இழுத்துப் பிடித்திருப்பவை இவை. ஏறத்தாழ நாலு அங்குலத்துக்கு ஒன்று, பெரிய பாய்லரில் ஆயிரத்தைத் தாண்டும். சுத்தியால் தட்டினால் நல்ல கம்பி கணீரென்று ஒலிக்கும், உடைந்தது மந்தமாக ஒலிக்கும். அனுபவசாலி தட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் காது பழகிவிடும். பிரிட்டிஷ் எஞ்சின்களில் உள்தகடு பெரும்பாலும் செம்பு. செம்புத் தகட்டின் கீழ்ப்பாதி மெலிந்திருந்தால் அதை மட்டும் வெட்டிப் புதிது வைப்பது வழக்கம். தடிமனான செம்பை வெல்டிங் செய்யத் தெரிந்தவர்கள் சிலரே இருக்கிறார்கள்; அவர்களிடம் வரிசையில் நிற்க வேண்டும். திட்டம் போடும்போதே அந்தக் காத்திருப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் கூடிய பிறகு நீர்ச் சோதனை. பாய்லர் முழுக்க, ஒரு குமிழி காற்றும் மிஞ்சாமல் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குப் பம்ப் செய்து நிறுத்துவார்கள். தண்ணீரை அமுக்கினால் அது சக்தியைச் சேர்த்து வைக்காது என்பதால், எங்காவது விட்டாலும் பீய்ச்சி அடங்கிவிடும். காற்றால் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஈரம் கசியும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுத் திருத்தி, மறுபடி சோதனை. கடைசியில் ஆய்வாளர் முன்னிலையில் ஆவிச் சோதனை: தீயை முழு வீச்சில் எரியவிட்டு, பாதுகாப்பு வால்வுகள் மட்டுமே அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

படி 6: அடிச்சட்டமும் சக்கரமும்

பாய்லர் வெளியூர்ப் பட்டறையில் இருக்கும்போது இங்கே சும்மா இருக்க வேண்டியதில்லை. எஞ்சினைத் தாங்கும் அடிச்சட்டத்தைத் துடைத்து விரிசல் பாருங்கள். சாயம் தடவிப் பார்க்கும் முறையோ காந்தத்தூள் முறையோ போதும். சிலிண்டரின் நடுவே பியானோ கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, அச்சுகள் அதற்குச் செங்குத்தாக இருக்கின்றனவா என்று அளப்பார்கள். மணிக்கணக்கில் பிடிக்கும். அவசரப்பட்டால் எஞ்சின் ஓடும்போது தாங்கிகள் (பேரிங்குகள்) சூடாகி அந்த நேரத்தை வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

பிரிட்டிஷ் எஞ்சின் சக்கரத்தின் வெளிவட்டம் தனி டயர், எஃகால் ஆனது. தேய்ந்த டயரைக் கழற்றிப் புதியது போடும் வேலையைப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். புது டயரின் உள்விட்டத்தைச் சக்கரத்தைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு சிறியதாகக் கடைவார்கள். கேஸ் வளையத்தில் சுற்றிலும் சூடாக்கினால் அது விரியும். சக்கரத்தை உள்ளே இறக்கி ஆறவிட்டால் இறுகிக்கொள்ளும். அச்சுகளுக்கு மீயொலிச் சோதனை கட்டாயம். அச்சுப்பெட்டிகளில் ஈயக் கலவை உலோகத்தை உருக்கி ஊற்றி, அச்சுக்கு ஏற்றபடி சுரண்டிப் பொருத்துவார்கள். நீலச் சாயம் தடவி, எங்கே ஒட்டுகிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் சுரண்டி, மறுபடி தடவி... கையால் செய்யும் வேலைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

படி 7: சிலிண்டர், வால்வு

பெரும்பாலான எஞ்சின்களில் சிலிண்டரின் உட்புறம் முட்டை வடிவில் தேய்ந்திருக்கும். குறுக்கிலும் நெடுக்கிலும் பல இடங்களில் அளந்து, கடைந்து, புதிய உள்ளுறை போடலாம். டியூக் குழுவுக்கு அந்த வசதியும் இல்லை. வெளிச் சிலிண்டர் இரண்டையும் புதிதாக வார்த்தார்கள். புதிதாக வார்ப்பதென்றால் முதலில் அச்சு மாதிரி. உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு என்றால் அடிக்கு ஏறத்தாழ பத்தில் ஓர் அங்குலம். மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். கடைவதற்கும் கனம் விட வேண்டும். வரைபடம் இல்லாமல் இதில் இறங்க முடியாது. படி 3இல் நான் நச்சரித்தது இதற்காகவும்தான்.

வால்வு நேரம், அதாவது வால்வு எப்போது திறந்து மூட வேண்டும் என்பதை, அமைப்பது மூத்தவர்களின் வேலை. நீங்கள் சக்கரத்தைச் சின்னச் சின்ன அசைவாகத் தள்ளுவீர்கள், அவர்கள் குறியிடுவார்கள்.

படி 8: கூட்டுதல், முதல் நெருப்பு

கழற்றிய வரிசையின் தலைகீழ் என்று சொல்லிவிடலாம், ஆனால் பாதிப் பாகம் புதிது என்பதால் எதுவும் முதல் தடவையில் பொருந்தாது. பொறுமையாக இருங்கள்.

முதல் நெருப்பை மெதுவாக வளருங்கள். பெரிய எஞ்சின் என்றால் முந்தின நாளே விறகு போட்டு, பாய்லர் சீராகச் சூடேற விட வேண்டும். மேலே கொதித்துக் கீழே குளிர்ந்திருந்தால் தகடும் ஸ்டேயும் வெவ்வேறு அளவில் விரிந்து கசியத் தொடங்கும். எஞ்சினை அசைக்கும் முன் சிலிண்டரின் வடிகால் குழாய்களைத் திறந்து வையுங்கள். உள்ளே ஆறிய ஆவி தண்ணீராக நிற்கும், தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதில் மோதினால் சிலிண்டர் மூடி உடையும். முதலில் முன்னும் பின்னுமாகச் சில அடி, பிறகு ஒரு மைல், பிறகு காலியான பெட்டிகளோடு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் தாங்கிகளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

படி 9: மாற்றங்கள்

எஞ்சின் வரைபடப்படி ஓடுகிறது என்று உறுதியான பிறகே இந்தப் பேச்சு. சில மாற்றங்களில் நமக்குத் தேர்வு கிடையாது. பிரதான பாதையில் ஓட வேண்டுமென்றால் எச்சரிக்கைக் கருவி, தானாக ரயிலை நிறுத்தும் கருவி, பதிவுக் கருவி எல்லாம் பொருத்த வேண்டும். மின்கம்பிகளுக்குக் கீழே போக எஞ்சினின் உயரம் 13 அடி 1 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் புகைபோக்கியையும் ஓட்டுநர் அறையையும் தாழ்த்தியவர்கள் உண்டு. வழியில் தண்ணீர் பிடிக்கும் தூண்கள் இப்போது இல்லை. அதனால் 2008இல் புதிதாகக் கட்டி முடித்த டொர்னேடோ எஞ்சினின் டெண்டரில், அதாவது கரியும் தண்ணீரும் ஏற்றும் பின்வண்டியில், கரி இடத்தைக் குறைத்துத் தண்ணீர்த் தொட்டியை 5,000 கேலனிலிருந்து 6,200 கேலனாகப் பெரிதாக்கினார்கள். இவையெல்லாம் நியாயமான மாற்றங்கள்.

எரிப்பைச் சீராக்கும் மாற்றங்கள் அடுத்த வகை. சிலிண்டரிலிருந்து வெளியேறும் ஆவி புகைபோக்கி வழியாக வீசும்போது தன்னோடு புகையை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்புதான் தீக்குக் காற்றைக் கொண்டுவருகிறது. இந்த வீச்சு எவ்வளவு எளிதாக வெளியேறுகிறதோ அவ்வளவுக்கு பிஸ்டனுக்குப் பின்சுமை குறையும். பின்லாந்தின் கைலாலாவும் பிரான்சின் ஆந்த்ரே ஷாப்லோனும் உருவாக்கிய கைல்சாப் அமைப்பு இதைத் திறமையாகச் செய்கிறது. 1938இல் வேகச் சாதனை படைத்த மல்லார்ட் எஞ்சினில் இருந்தது அதுவே. டியூக்கில் மீட்பின்போது பொருத்தியதும் அதுவே. அர்ஜென்டினாவின் போர்ட்டா வகுத்த லெம்போர் இன்னொரு வழி. அவரைப் பின்பற்றி டேவிட் வார்டேல் 1981இல் தென்னாப்பிரிக்காவில் 3450 எண் எஞ்சினைத் திருத்தினார். புகைபோக்கியோடு ஃபயர்பாக்ஸின் காற்றோட்டத்தையும் மாற்றியதில் கரிச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆனால் வார்டேல் வேலை செய்தது ஒரு பெரிய ரயில்வேயின் வசதியோடு. நீங்கள் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டி, கரியையும் தண்ணீரையும் அளந்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாது.

மூன்றாவது, எரிபொருள். கரி கிடைப்பது கடினமாகிக்கொண்டே வருவதால் எண்ணெய்க்கு மாறலாமா என்ற கேள்வி எல்லா ஷெட்டிலும் ஓடுகிறது. செய்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் யூனியன் பசிபிக் 2019இல் மறுபடி ஓடவிட்ட பிக் பாய் 4014, கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றப்பட்டது. நீலகிரி மலைப்பாதையிலும் எண்ணெய் எரிப்பு வந்தது. சுவிஸ் வடிவமைப்பான எக்ஸ் வகையில் எண்ணெயில் எரியும் புதிய எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை கட்டியே கொடுத்தது. நம் ஊர்ப் பணிமனை முழு நீராவி எஞ்சினைப் புதிதாகக் கட்டியது எனக்குப் பெருமையான விஷயம். உலகத்தில் பலருக்கு இது தெரியாது. வேல்ஸின் ஃபெஸ்டினியோக் பாதை 1970களில் தீப்பொறியால் காடு பற்றுவதைத் தவிர்க்க எண்ணெய்க்கு மாறியது. எண்ணெய் விலை ஏறியதும் கரிக்கே திரும்பியது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி: எந்த மாற்றமும் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய பாகத்தைக் குப்பையில் போடாமல் எண்ணெய் பூசி, எண் கட்டி, அலமாரியில் வையுங்கள். அசல் தகட்டில் புதிதாக ஓட்டை போடாமல் செய்ய வழி இருந்தால் அந்த வழியே சரி.

எண்ணெய் எரிப்பில் ஆபத்தும் உண்டு. அணைந்த தீயறையில் எண்ணெய் ஆவி தேங்கியிருக்கும்போது பற்றவைத்தால் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் காற்றை ஓடவிட்டுக் காலி செய்த பிறகே நெருப்பு. சுவாலை நேராகச் செம்புத் தகட்டில் அடித்தால் தகடு போய்விடும். செங்கல் உறை வேண்டும். பாய்லரைத் தொடும் எந்த மாற்றமும் ஆய்வாளர் ஒப்புதல் இல்லாமல் நடக்கக் கூடாது என்பதை மறுபடி சொல்கிறேன்.

ஓடத் தொடங்கிய பிறகு

பிரிட்டனில் ஒரு பெரிய பழுதுபார்ப்புக்குப் பிறகு பத்து வருடம் ஓட்டுவது பொதுவான வழக்கம். இடையில் வருடாந்தர ஆய்வு இரண்டு முறையில்: ஆறிய நிலையில் ஒன்று, ஆவி இருக்கும்போது ஒன்று. பாய்லர் தண்ணீரில் மருந்து கலந்து, அடிக்கடி சோதித்து, கழுவும் நாட்களைத் தவறவிடாமல் இருந்தால் அடுத்த தடவை தகடு வாங்கும் செலவு கணிசமாகக் குறையும். இந்தத் தண்ணீர்க் கணக்கு எழுதுவதைப் புதியவர்கள் ஏற்றுக்கொள்ளலாம். எல்லோரும் தட்டிக் கழிக்கும் வேலை என்பதால் சீக்கிரம் உங்கள் கைக்கு வரும். எஞ்சினின் உள்ளே என்ன நடக்கிறது என்று வேறு எந்த வேலையும் இவ்வளவு தெளிவாகக் கற்றுத் தராது.

எப்போது சேருவது என்றால், இலையுதிர் காலத்தில். கோடையில் ஷெட்டில் எல்லோரும் ரயில் ஓட்டுவதில் மும்முரமாக இருப்பார்கள், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. நவம்பரிலிருந்து மார்ச் வரை எஞ்சின்கள் நிறுத்தப்பட்டு, திறந்து கிடக்கும். பாய்லர் கழுவுவதும் டியூப் மாற்றுவதும் தாங்கி சுரண்டுவதும் அப்போதுதான். அக்டோபரில் கடிதம் எழுதிவிடுங்கள். ஓவராலுக்குள் போட இரண்டு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஷெட்டுக்குள் வெளியைவிடக் குளிரும்.